மண்ணில் எவ்வளவு ஈரம், ராடில் எவ்வளவு ஈரம்

சேலத்தில் எந்த இன்ஜினியரிங் காலேஜில், எந்த பாலிடெக்னிக்கில் சேர்ந்தாலும் ஒர்க்‌ஷாப் வகுப்பு உண்டு. ஒரு ஓரத்தில் வெல்டிங் பூத், இன்னொரு ஓரத்தில் வார்ப்புக்கான மண் குவியல்; அந்த மண்ணில் அச்சு எடுத்து உருகிய உலோகத்தை ஊற்றுவதுதான் வார்ப்பு. ரெக்கார்டு நோட்டில் இவை தனித்தனிப் பயிற்சிகள். படம் வரைந்து, கருவிகளின் பெயரை வரிசையாக எழுதி, கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உலோகத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. உருகுகிறது, உறைகிறது, உறையும்போது உள்ளே வாயு மாட்டினால் ஓட்டை விழுகிறது. அந்த வாயு பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. 1 மில்லி தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர். உருகிய உலோகத்தின் சூட்டில் அந்த ஆவி இன்னும் பல மடங்கு விரியும். அதனால் இந்தப் பதிவில் இரண்டையும் ஈரத்தின் வழியாகவே பார்க்கலாம்.

முதலில் மண்.

வார்ப்பு மண்ணில் மூன்றே சமாச்சாரம்: சிலிக்கா மணல், பென்டோனைட் களிமண், தண்ணீர். பயிற்சிக்கு 10 கிலோ காய்ந்த சிலிக்கா மணல் எடுத்தால் பென்டோனைட் 800 கிராம், தண்ணீர் 400 மில்லி. இது தொடக்க அளவு. மணலின் பருமனைப் பார்த்து தண்ணீரைக் கொஞ்சம் கூட்டலாம், 500 மில்லிக்கு மேல் போக வேண்டாம். மணலையும் பென்டோனைட்டையும் முதலில் காய்ந்தபடியே நன்றாகப் புரட்டிக் கலக்க வேண்டும். அதன்பிறகுதான் தண்ணீர், அதுவும் தெளித்து. வாளியோடு கவிழ்த்தால் பென்டோனைட் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். உருண்டைக்குள் ஈரம் சிக்கும், வெளியே மணல் வறண்டு கிடக்கும். கலந்த மண்ணை ஈரச் சாக்கு போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டால் களிமண் தண்ணீரை முழுதாக இழுத்துக்கொள்ளும். காலையில் கலந்து காலையிலேயே இடிக்கிற மண் கையில் பிடித்தால் நிற்கும், பேட்டர்னை, அதாவது மண்ணில் அச்சு பதிக்கும் மாதிரி உருவத்தை, உருவும்போது உதிரும்.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், கொழுக்கட்டை பிடிப்பதுபோல. விரல் பதிந்த தடம் தெளிவாக நிற்க வேண்டும். உள்ளங்கையில் மண் ஒட்டக் கூடாது. நடுவில் உடைத்தால் விளிம்பு கூர்மையாக இரண்டாகப் பிரிய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. கையில் பிசுபிசுத்தால் அதிகம். அதிகமானதைத் திருத்த ஒரே வழி காய்ந்த மணலும் பென்டோனைட்டும் சேர்த்து மறுபடி புரட்டுவது. வெயிலில் பரப்பிக் காயவைத்தால் மேல்மண் மட்டும் காயும்.

சேலத்தில் இந்தச் சோதனையை ஒரு நாளில் இரண்டு தடவை செய்ய வேண்டிய காலம் உண்டு. ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காலை ஒன்பது மணிக்குப் பக்குவமாக இருந்த மண் மதிய பேட்ச் வருவதற்குள் வறண்டுவிடும். மதிய பேட்ச்சின் அச்சு மட்டும் ஏன் இடிந்து விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், அவர்களின் கைத்திறன் இல்லை. ஐப்பசி மழையில் கதை தலைகீழ். வெளியே கொட்டிக் கிடக்கும் மணல் ஏற்கெனவே நனைந்திருக்கும். அதற்கு மேல் அளவு பார்த்து 400 மில்லி ஊற்றினால் அளவு பார்த்ததற்கு அர்த்தமே இல்லை.

மணல் என்றதும் உள்ளூர் விஷயம் ஒன்று. ஏற்காடு மலையடிவாரத்தில் செட்டிச்சாவடி, ஜாகீர் ரெட்டிப்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட் கிடைக்கிறது. சுட்டால் மக்னீசியா, உருகுநிலை 2800 டிகிரியை ஒட்டி. எஃகு உலையின் உட்சுவர்க் கல் அதில்தான் செய்கிறார்கள். வெள்ளைக்கல் நரம்புகள் ஓடும் தாய்ப்பாறை டியூனைட். அதில் பெரும்பங்கு ஆலிவின் என்ற கனிமம். ஆலிவினை உடைத்துச் சலித்தால் அதுவும் வார்ப்பு மணல். சிலிக்கா மணலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி ஒரேயடியாக விரியும். அச்சின் மேல்தோல் அந்த விரிவில் உப்பி உரிந்து, வார்ப்பின் மேல் சொறி மாதிரி படியும். ஆலிவின் நிதானமாக, குறைவாக விரியும். தனிச் சிலிக்கா இல்லாததால் தூசி நுரையீரலுக்கும் அவ்வளவு பகை இல்லை. நம் ஊர் மாணவர்கள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லலாம், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இனி அச்சு. 300 மி.மீ. சதுரம், 100 மி.மீ. உயரமுள்ள இரண்டு பெட்டிகள் போதும். பேட்டர்ன் இரண்டு பாதியாக இருந்தால், துளை உள்ள பாதியைத் தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு பலகை மேல் வைத்து, கீழ்ப்பெட்டியைக் கவிழ்த்து அதைச் சுற்றி வைக்க வேண்டும். குச்சி உள்ள பாதி பிறகு மேல்பெட்டிக்கு. பெட்டிச் சுவருக்கும் பேட்டர்னுக்கும் நடுவே 40 மி.மீ. மண்ணாவது இருக்கட்டும். பிரிமணலைத் தூவுங்கள். அது களிமண் கலக்காத, காய்ந்த நைஸ் மணல். பேட்டர்ன் மேல் முதலில் விழும் மண் மட்டும் சல்லடையில் சலித்ததாக இருக்க வேண்டும், 20, 25 மி.மீ. கனத்துக்கு. வார்ப்பின் தோல் எப்படி வரும் என்பதை அந்தக் கனம்தான் தீர்மானிக்கிறது. மிச்சத்துக்குக் குவியல் மண் போதும்.

இடிப்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பெட்டி நிறைய மண்ணைக் கொட்டி மேலே நின்று மிதிப்பவர்களும் உண்டு. மேல்பக்கம் கல்லாக இருக்கும், பேட்டர்னை ஒட்டிய மண் பஞ்சாக இருக்கும். அந்தப் பஞ்சு மண்ணை உலோகத்தின் எடை தள்ளிவிட, வார்ப்பு வயிறு உப்பி வரும். 50 முதல் 75 மி.மீ. வரை மண் போட்டு ஒரு சுற்று இடித்து, மறுபடி போட்டு இடிக்க வேண்டும். முதல் சுற்றுகளில் ரேம்மர் என்ற இடிகட்டையின் ஆப்பு முனையால் பெட்டி ஓரம் சுற்றி. கடைசிச் சுற்று தட்டை முனையால். பேட்டர்னுக்கு 25 மி.மீ. கிட்டே ரேம்மர் போகக் கூடாது. அங்கே கல்லாக இறுகினால் ஆவிக்கு வழி அடைபடும்.

மேல் மண்ணைப் பட்டையால் வழித்துச் சமன் செய்து, கம்பியால் காற்றுத்துளை குத்துங்கள். பேட்டர்னுக்கு 10, 15 மி.மீ. மேலேயே கம்பி நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் உலோகம் அந்தத் துளைக்குள் ஏறி வார்ப்பில் முடி முளைத்ததுபோல் வரும்.

அடிப்பலகை வைத்து, பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திருப்புங்கள். இரண்டு பேர் ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பியதும் பிரிமணல் தூவி, பேட்டர்ன் மேல் விழுந்ததை ஊதித் தள்ளி, மேல் பாதியைப் பொருத்தி, மேல்பெட்டி வையுங்கள். ஸ்ப்ரூ (உலோகம் ஊற்றும் குழி) ஆப்பும் ரைசர் (கூடுதல் உலோகம் நிற்கும் குழி) ஆப்பும் இப்போதுதான் நிற்கும். ஸ்ப்ரூ ஏன் மேலே அகலம், கீழே குறுகல்? குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பாருங்கள், கீழே போகப் போக வேகம் கூடி நூலாக மெலிகிறது. உலோகமும் அப்படித்தான். நேரான குழியில் ஊற்றினால் மெலிந்த தாரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும், அது காற்றை உள்ளே இழுக்கும். ரைசர் தடித்த பகுதிக்குப் பக்கத்தில், அந்தத் தடிமனை விடப் பெரிதாக. அலுமினியம் உறையும்போது பருமனில் 6 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அந்தக் குறையை நிரப்பும் தொட்டி அது. தொட்டி முதலில் உறைந்துவிட்டால் வைத்தும் பயனில்லை.

இங்கேயே ஒரு கணக்கு. 200 மி.மீ. சதுரத் தகடு முழுவதும் கீழ்ப்பெட்டியில் இருக்கிறது, மேல்பெட்டி உயரம் 100 மி.மீ. என்று வையுங்கள். ஊற்றி முடித்ததும் உலோகம் மேல்பெட்டியைத் தூக்கும் எடை: 20 × 20 × 10 செ.மீ., அதாவது 4000 கன செ.மீ. உலோகத்தின் எடை. அலுமினியம் என்றால் ஏறக்குறைய 9.5 கிலோ, வார்ப்பிரும்பு என்றால் 28 கிலோ. 300 மி.மீ. பெட்டியில் உள்ள மண் 14 கிலோ தேறும். அலுமினியத்துக்குத் தாங்கும். வார்ப்பிரும்புக்கு மேல்பெட்டி மிதந்து, பிளவில் உலோகம் பீறிட்டு வரும். எடைக்கல்லோ கிளாம்ப்போ போடாமல் ஊற்றக் கூடாது என்று சொல்வது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

மேல்பெட்டியையும் இதேபோல் இடித்து, ஆப்புகளை உருவி, அதைத் தூக்கித் தனியே வைத்தபின், பேட்டர்னை உருவுவதற்கு முன் அதன் விளிம்பைச் சுற்றி ஈரத்துணியால் லேசாக ஒற்றுவார்கள், விளிம்பு மண் உடையாமல் இருக்க. இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணியைப் பிழிந்து நாலு சொட்டு விட்டால் போதும். தாராளமாக விட்டால் மண் மொத்தமும் பக்குவமாக இருந்தும் வார்ப்பின் விளிம்பில் மட்டும் வரிசையாக ஓட்டை விழும். வரிசையைப் பார்த்தாலே துணி போன வழி தெரியும். பிறகு உருவு கம்பியைக் குத்தி, நாலாபக்கமும் மெல்லத் தட்டி, நேராக மேலே எடுங்கள். ஸ்ப்ரூவிலிருந்து அச்சுக்கு உலோகம் போகும் வாய்க்கால்தான் கேட்; அதை வெட்ட 6 மி.மீ. ஆழம், 12 மி.மீ. அகலம் போதும். கேட்டின் உதிரி மண்ணை ஊதி வெளியேற்றாமல் பெட்டியை மூடினால் அந்த மண்தான் முதலில் உள்ளே போகும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். 700 முதல் 730 வரை ஊற்றலாம். அதற்கு மேல் சூடேற்றுவது வீரம் இல்லை. சூடு ஏற ஏற அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை அதிகமாகக் குடிக்கும். உறையும் கணத்தில் அதைத் தாங்கும் திறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக விழுகிறது. குடித்ததையெல்லாம் துப்ப வேண்டும், வெளியேற வழி இல்லை, ஊசித் துளைகளாக நின்றுவிடும். மழைக்கால வார்ப்பில் இது கூடுதல். உலோகம் உருக்கும் மூசை, கரண்டி, கசடு வழிக்கும் கம்பி எல்லாம் சூடுகாட்டிய பிறகே உலோகத்தைத் தொட வேண்டும். ஈரக்கரண்டி உள்ளே போனால் வெடித்துத் தெறிக்கும். சிமென்ட் தரையில் சிந்தினாலும் அப்படியே. சிமென்ட்டுக்குள் ஈரம் எப்போதும் இருக்கும், அதனால் ஊற்றும் இடத்தில் காய்ந்த மணல் பரப்ப வேண்டும். இன்னொன்று: 700 டிகிரி அலுமினியம் பகல் வெளிச்சத்தில் சிவக்காது, வெள்ளியாகவே தெரியும். சூடில்லை என்று கண் ஏமாறும். பாலியஸ்டர் சட்டை, கேன்வாஸ் ஷூ இரண்டும் அன்றைக்கு வேண்டாம். ஊற்ற ஆரம்பித்தால் குழி நிறையும்வரை நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஊற்றினால் இரண்டு அலையும் ஒட்டாமல் நடுவே கோடாக நிற்கும்.

வார்ப்பை ஆக்சா பிளேடால் அறுத்து ஓட்டையின் உட்சுவரைப் பாருங்கள். வழவழவென்று உருண்டையாகப் பளபளத்தால் வாயு. மண்ணின் ஈரத்தையோ காற்றுத்துளையையோ தேடுங்கள். சொரசொரவென்று கிளை கிளையாக இருந்தால் சுருக்கம், ரைசரைத் திருத்துங்கள். ரெக்கார்டில் எட்டுக் குறைகளின் பெயரை எழுதுவதைவிட இந்த ஒரு வித்தியாசம் கண்ணுக்குப் பழகுவது மேல்.

அடுத்து வெல்டிங்.

ராடு என்பது பூச்சு பூசிய வெல்டிங் கம்பி. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது இ6013. 60 என்பது ஒட்டின் இழுவிசை வலு, சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு. 1 என்றால் எல்லா நிலையிலும் ஓட்டலாம். 3 பூச்சைக் குறிக்கிறது: ரூட்டைல் வகை, ஏசியிலும் டிசியிலும் எரியும். ராடை உலர்த்த வேண்டும் என்று கேள்விப்பட்டு உலர்த்தும் அடுப்பை 300 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 7018 ராடுக்கான சூடு. அந்தப் பூச்சில் ஈரம் துளியும் கூடாது, 300 முதல் 350 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வறுப்பார்கள். 6013 வேறு ஜாதி. அதன் பூச்சில் கொஞ்சம் ஈரமும் செல்லுலோஸும் இருந்து எரிந்தால்தான் ஆர்க்கை (ராடு முனையில் எரியும் மின்சுடரை) காக்கும் வாயு கிடைக்கும். மொறுமொறுவென்று வறுத்தால் ஆர்க் தடுமாறும். மழையில் நமத்துப்போன 6013க்கு 100 டிகிரி, ஒரு மணி நேரம், அவ்வளவே. ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டால் ராடு நமத்துப்போகும் அப்பளம்தான். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நமத்த ராடு எரியும்போது படபடவென்று வெடிக்கும், பொறி அதிகம் பறக்கும், ஒட்டின் மேல் படியும் சிலாக் என்ற கசடைத் தட்டினால் கீழே பொத்தல். காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

கரன்ட் அளவு: 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15க்கு 90 முதல் 130. டிரான்ஸ்ஃபார்மர் குமிழில் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கேபிள் நீளமாக இருந்தாலோ, எர்த் கிளாம்ப் துருவின் மேல் கடித்துக்கொண்டிருந்தாலோ ராடு முனைக்கு வருவது குறைவு. ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் குமிழைத் திருப்பும் முன் எர்த் இடத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம்.

இரண்டு தட்டை ஓரத்தோடு ஓரம் ஒட்டும் பட் ஜாயின்ட் பயிற்சிக்கு 100 × 50 × 6 மி.மீ. தட்டை இரண்டு. ஓரங்களை 30 டிகிரி சாய்வாகக் கிரைண்ட் செய்து, அடியில் 1.5 மி.மீ. மட்டும் சாய்க்காமல் நேர்முகமாக விட்டு, நடுவே 2 மி.மீ. இடைவெளி. 2 மி.மீ. கம்பியைச் சொருகி இடைவெளி பார்க்கலாம். துரு, பெயின்ட், எண்ணெய் எல்லாம் போக வேண்டும். துருவிலும் ஈரம் கட்டுண்டிருக்கிறது. இரண்டு முனையிலும் 10 மி.மீ. நீளத்துக்கு டேக் (தட்டுகளைப் பிடித்துவைக்கும் சிறு ஒட்டு) அடியுங்கள். ஒரு முனையில் மட்டும் டேக் அடித்து ஓட்டினால் மறுமுனை கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொள்ளும். இரண்டு சாய்வும் சேர்ந்த V-இன் வாய் அகலம், அடி குறுகல் என்பதால் மேல்பக்கம் அதிகமாகச் சுருங்கி இரண்டு தட்டும் மேலே தூக்கும். அதனால் முதலிலேயே இரண்டு மூன்று டிகிரி எதிர்ப்பக்கம் வளைத்து வைத்தால், ஆறிய பிறகு நேராக நிற்கும்.

அடி ரன், அதாவது முதல் ஒட்டு வரிசை, 2.5 ராடில் 75 ஆம்பியர். சிலாக்கை முழுதாகத் தட்டி, பிரஷ் போட்டு, அதன் மேல் 3.15 ராடில் 110. ஆர்க் நீளம் ராடுக் கம்பியின் விட்டம் அளவே. ராடு போகும் பக்கம் சாய்ந்து தட்டோடு 70 முதல் 80 டிகிரி. 350 மி.மீ. ராடு சுமாராக ஒரு நிமிடத்தில் கரையும். கை ராடோடு கூடவே கீழே இறங்க வேண்டும். புதியவர்கள் கையை ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவதால் ஆர்க் நீண்டு, காற்று உள்ளே புகுந்து, ஓரம் அரித்துப்போகிறது. வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் வரும் உருகிய உலோகக் குட்டையைப் பாருங்கள். அதன் பின்விளிம்பு அரைவட்டமாக இருந்தால் வேகம் சரி; கூம்பாக நீண்டால் ஓடுகிறீர்கள். முடிக்கும்போது சட்டென்று ராடைத் தூக்கினால் குழி விழும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அரை நொடி நின்று, கொஞ்சம் பின்வாங்கி எடுங்கள்.

ஒரு தட்டை இன்னொன்றின் மேல் ஏற்றி ஒட்டும் லேப் ஜாயின்ட்டில் மேல்தட்டின் விளிம்பு சீக்கிரம் கரையும், அதனால் ராடைக் கீழ்த்தட்டுப் பக்கம் அதிகம் காட்டுங்கள். மற்றபடி அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு வளையத்தை வெண்காரமும் பொடியும் வைத்து ஊதி ஒட்டுவதும் வெல்டிங்கா என்று வைவாவில் கேட்பார்கள். இல்லை. அங்கே வெள்ளி உருகுவதில்லை, அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடிதான் இடுக்கில் ஓடுகிறது. வெல்டிங்கில் தாய் உலோகமே உருக வேண்டும். அதே வைவாவில் சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் தகட்டை 6013இல் ஒட்டலாமா என்ற கேள்வியும் வரும். ஒட்டும், ஆனால் ஒட்டில் குரோமியம் நீர்த்துப்போய்த் துருப்பிடிக்கும், கடினமாகி விரிசலும் விடும். 304 ரக ஸ்டெயின்லெஸுக்கு 308எல் ராடு.

வெல்டிங் முகமூடியின் கறுப்புக் கண்ணாடி 10 அல்லது 11ஆம் எண். பக்கத்து பூத்தின் வெளிச்சம் ஓரக்கண்ணில் பட்டாலும் போதும். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி ஹாஸ்டலில் படுத்தபின் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்குப் பத்தை, தாய்ப்பால் என்று பட்டறையில் சொல்லும் வைத்தியத்தை விட்டுவிட்டு கண் மருத்துவரைப் பாருங்கள். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சை உரசி எடுக்காமல் ஓட்டினால் வெள்ளைப் புகை, சாயங்காலம் குளிர்காய்ச்சல். மே மாதத்தில் வியர்வையில் ஊறிய கிளவுஸும் ஆபத்து: ஆர்க் இல்லாதபோது ஹோல்டரில் 70, 80 வோல்ட் இருக்கும். ராடு மாற்ற காய்ந்த கிளவுஸ் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டின் மேல் இன்னொன்றை நிமிர்த்தி ஒட்டும் டி ஜாயின்ட்டில் ராடை இரண்டு தட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் பிடித்து, ஒட்டு ஒவ்வொரு தட்டிலும் 6 மி.மீ. படியுமாறு ஒரு பக்கம் மட்டும் ஓட்டி ஆறவிடுங்கள். மார்க் போட்ட பிறகு அதைக் குப்பையில் எறியாமல் வைஸில் பிடித்து, ஒட்டு உள்ள பக்கம் தட்டு மடங்குமாறு, ஒட்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து உடையுங்கள். மூலைவரை உருகியிருந்தால் உடைந்த முகம் முழுவதும் சாம்பல் நிறப் பொடிப் பொடி மணியாக இருக்கும். மூலையில் தட்டின் பழைய நேர்விளிம்பு அப்படியே கோடாகத் தெரிந்தால் ஒட்டு மேலே மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது: கரன்ட் குறைவு, அல்லது சிலாக் முன்னால் ஓடிவிட்டது. கறுப்புக் கண்ணாடித் துணுக்கு தெரிந்தால் சிலாக். பளபளக்கும் சிறு குழிகள் தெரிந்தால் டப்பாவில் இருக்கும் மிச்ச ராடுகளை 100 டிகிரியில் வையுங்கள், அடுத்த பேட்ச் வருவதற்குள்.